கிணறு பொதுதான் என்றார்

புதிதாக வெள்ளையடித்த சுவரைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுண்ணாம்பு வாசனை பலருக்குப் பண்டிகையை நினைவூட்டும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கிறிஸ்தவ சபை மூப்பரும் கோட்டாற்றில் அவருக்கிருந்த நீளமான ஓட்டு வீடும்தான். அவருக்கு வயதாகிவிட்டது, மன்னித்துவிடலாமே என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். மன்னிப்பு என்று அவரும் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அஞ்சுகிராமத்துப் பக்கத்திலிருந்து வந்து, நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூட விடுதியிலேயே ஒரு மூலையில் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் கூடியதும் அந்தக் கட்டிலுக்கும் இடமில்லாமல் போயிற்று. வெளியே வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகாத பெண் தனியாக வீடு பார்ப்பதென்றால் என்ன என்று சொன்னவர்களுக்குத் தெரியாது. அவர்கள் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவோடு பழக்கமானேன். கூடப் பிறந்தவள் அல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கடியப்பட்டணத்தில் மீன்பிடிக்கிற குடும்பம், கத்தோலிக்கர்கள். மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட பிள்ளையொருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து அழுத என்னையும் அதட்டி உட்கார வைத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்சுகளுக்கு ஒரே ஓர் அறை. இரவு வேலை பார்த்துவிட்டு வந்தால் பகலில் தூங்க முடியாது என்று அவளும் வீடு தேடிக்கொண்டிருந்தாள். சேர்ந்து எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமைதோறும் கோட்டாற்றுத் தெருக்களில் அலைந்தோம். எந்த வீட்டிலும் கேள்விகள் அவர்களுடையவை, பதில்கள் எங்களுடையவை. யார் மகள், அப்பாவுக்கு என்ன வேலை, இன்னும் ஏன் கல்யாணமாகவில்லை, பார்க்க யார் யார் வருவார்கள். ஒரு வீட்டில் எல்லாம் சரியாகி வந்து, 'நர்ஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், அண்ணனோ தம்பியோ கூட இருந்தால் தருகிறோம் என்றார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் போல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். திருப்பிக் கேட்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னாலே காலைப் பிடித்துக் கும்பிடுகிற நிலையில் இருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் சபை மூப்பர் வீட்டில் ஒரு பகுதி காலியாக இருக்கிறதென்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவர். குரல் அவ்வளவு கனிவாக இருக்கும். எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. நம்ம சபை, நம்ம மனுஷர், இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

அவரே கூட வந்து வீட்டைக் காட்டினார். மார்கழி கழிந்து நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று குடித்தனம் இருக்கக்கூடிய வீடு. முன்பகுதியில் அவர் குடும்பம், நடுவில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையும் மனைவியும், பின்பகுதி எங்களுக்கு. ஓர் அறையும் ஓர் அடுக்களையும். சுவரெல்லாம் பால் போல வெள்ளை. முற்றத்தில் பொதுக் கிணறு, கை நீட்டினால் தொடலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர். வாசல் எல்லோருக்கும் ஒன்றுதான். எங்கள் அறைக்கும் பக்கத்தில் அவர் சாமான் போட்டு வைத்திருந்த அறைக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அக்கா அதைக் காட்டிக் கேட்டாள். அது ஆணியடித்த கதவு மாதிரித்தான், யாரும் திறப்பதில்லை என்றார். கிணற்றைக் காட்டி, இது பொது, எந்நேரமும் தண்ணீர் உண்டு என்றார். அக்காவிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். கடியப்பட்டணம் என்றாள். அப்படியா என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலைத்தான் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துக் கொதித்திருக்கிறேன். அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும்.

கிணற்றடியில் கணக்குப்பிள்ளையின் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். நாங்கள் போகிற இடமெல்லாம் அவள் பார்வை கூடவே வந்தது. மூப்பர் எங்களை விட்டு ஓர் அடி நகரவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

குடி வந்த இரண்டாம் வாரமே சுவர் உரியத் தொடங்கிற்று. வெள்ளைக்கு உள்ளே ஈரம் ஊறிக் கறுத்துக் கிடந்தது. என் பெட்டியைச் சுவரோரம் வைத்திருந்தேன். அடியில் கறையான் ஏறி, இரண்டு சேலையும் அப்பா கொடுத்த வேதபுத்தகத்தின் பின் அட்டையும் போயின. மூப்பரிடம் சொன்னேன். பழைய வீடென்றால் கறையான் இல்லாமல் இருக்குமா, நீ கேட்டிருந்தால் பெட்டியைக் கல் மேல் வைக்கச் சொல்லியிருப்பேனே என்றார்.

அடுத்தது வாசற்கதவு. விளக்கு வைத்ததும் அவர் வீட்டில் குடும்ப ஜெபம். ஜெபத்துக்கு முன்னால் வாசல் உள்பக்கமாகப் பூட்டப்படும். சாவி அவர் இடுப்பில். பகல் வேலை முடிந்து அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பெரும்பாலும் இருட்டியிருக்கும். உள்ளே பாட்டும் ஜெபமும் முடிகிற வரைக்கும் அவள் தெருவில் நிற்க வேண்டும். வருகிற போகிற ஆண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் போய்ச் சாவி கேட்டால், ஜெப நேரத்தில் எழுந்திருக்க மாட்டேன் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எங்களுக்கு ஒரு சாவி வேண்டும் என்று பிறகு கேட்டேன். இந்த வீட்டுக்கு ஒரு சாவிதான், இது ஊரறிந்த விஷயம், நீங்கள்தான் கேட்காமல் வந்தீர்கள் என்றார். அதையும் கனிவாகவே சொன்னார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. என்னை அதிகமாக எரித்தது அதுதான்.

பிறகு கருவாடு. ஊருக்குப் போய்விட்டு வந்தால் அக்கா ஒரு சின்னப் பானையில் கருவாடு கொண்டுவருவாள். அவள் அம்மா உப்பிட்டுக் காயவைத்தது. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்தும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தோம். எங்கள் கதவு நாங்கள் பூட்டிய பூட்டோடு அப்படியே இருந்தது. உள்ளே அடுக்களையில் பானையைக் காணோம். பின்பக்கத்து ஓடையில் உடைந்து கிடந்தது, கருவாட்டை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் போய் அந்த இடைக்கதவைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கீழே பார்த்தால், கதவு திறந்து மூடிய தடம் தரையில் அரைவட்டமாகக் கீறியிருந்தது. எங்கள் பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. அவர்கள் பக்கம் உண்டு.

எத்தனை நாள் அந்தக் கதவு வழியாக யார் வந்து போனார்களோ. என் பெட்டியை, என் கடிதங்களை, காயப்போட்ட உள்துணியை யார் யார் பார்த்தார்களோ. அன்றே ஒரு கட்டிலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டோம். மூப்பரிடம் போனேன். நாற்றம் தாங்காமல் தம் மனைவி எடுத்துப் போட்டதாகவும், வீட்டைச் சுத்தமாக வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டென்றும் சொன்னார். அவர் வீட்டிலும் மத்தியானம் மீன்குழம்பு மணக்காத நாள் கிடையாது. அந்த மீனைப் பிடித்துக் கரைசேர்ப்பவர்கள் அக்காவின் அண்ணன் தம்பிமார் போன்றவர்கள். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அது வேறே, இது வேறே என்றார்.

எது வேறே என்பது அடுத்த மாதம் தெரிந்தது.

அதுவரைக்கும் தண்ணீரை நானே கோரி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அக்கா களைத்து வருவாள், தூங்குவாள் என்பதால்தான்; வேறு காரணம் எங்கள் மனசில் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்த அன்றைக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். மூப்பரின் மனைவி கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாளாம். ஆஸ்பத்திரியில் கண்ட ரத்தத்தையும் தொட்டுவிட்டு வருகிற கை என்று சொன்னாளாம்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் கல்லாக இருந்தது. "ஆஸ்பத்திரியில கையக் கழுவிட்டுதான் மக்கா வாறேன்," என்றாள். "அவங்க சொல்லுகது கையப் பத்தி இல்ல. எனக்குத் தெரியும்."

காய்ச்சலோடு எழுந்து போனேன். மூப்பர் முன்னறையில் வாசித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"கெணறு பொதுன்னு சொன்னியளே," என்றேன்.

"பொதுதான். ஒனக்கு இல்லேன்னு ஆராவது சொன்னாவளா? நீ கோரிக் குடு, அவ குடிக்கட்டும். கயிற மட்டும் தொடண்டாம்."

"அவ கடியப்பட்டணம்னு ஒங்களுக்கு அண்ணைக்கே தெரியும். அப்பமே சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கல்லியே பிள்ளே," என்றார்.

கறையானுக்கும் சாவிக்கும் சொன்ன அதே பதில், அதே குரல். ஒரு மனுஷியின் கை பட்டால் கிணறு கெட்டுப்போகுமா என்று நான் வீடு பார்க்கும்போதே கேட்டிருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எந்த வாயால் வேதபாடம் வாசிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, சம்பளம் வாங்குகிற பெண்களுக்கு வாய் நீளம் என்றாள். மூப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

அக்கா அழவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது புதிய தென்னந்தும்புக் கயிறு ஒரு சுருளும் ஒரு வாளியும் கொண்டுவந்தாள். காலையில், எல்லோரும் முற்றத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, தன் வாளியைக் கிணற்றில் இறக்கினாள். கப்பியைத் தொடவில்லை, கைமேல் கைபோட்டு இழுத்தாள். குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தாள். மூப்பரின் மனைவி சத்தம் போட்டாள். மறுநாளும் அக்கா கோரினாள். அதற்கு மறுநாளும்.

அந்த வாரமே ஆசாரி வந்தான். கிணற்று வாய்க்குப் பலகை மூடி செய்து, கொண்டியும் பூட்டும் போட்டுவிட்டார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மூப்பரின் மனைவி திறப்பாள். அக்கா பக்கத்தில் நின்றால் திறக்க மாட்டாள்.

இதனால் கணக்குப்பிள்ளையின் மனைவிக்கும் தண்ணீர் முட்டுப்பாடாயிற்று. அவள் எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு, உங்களால்தான் எங்களுக்கும் இந்தக் கஷ்டம், அவள் கயிற்றைத் தொடாமல் இருந்திருந்தால் எல்லோரும் சும்மா இருந்திருக்கலாம் என்றாள். எனக்கு வந்த கோபத்தில், நீ ஒரு பெண்தானா என்று கேட்டுவிட்டேன். அவள் முன்பகுதியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வீடு பாக்க வந்தண்ணைக்கே சொல்லணும்னு இருந்தேன்," என்றாள். "அவரு கூடவே நிண்ணாரு. ஒரு நாளு தனியா வந்து கேட்டிருந்தா, கதவையும் சாவியையும் பத்தி எல்லாம் சொல்லியிருப்பேன். ஒங்களுக்கு முந்தி இருந்தவளும் அந்தக் கதவுனாலதான் எறங்கிப் போனா."

முந்தி இருந்தவள் யார், ஏன் போனாள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அதைக் கேட்டிருந்தால் போதும். மற்ற எல்லாம் தானாக வந்திருக்கும்.

மறுபடியும் சனிக்கிழமை அலைச்சல் தொடங்கிற்று. இந்தத் தடவை நாங்கள் வேறு ஆட்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரோரம் தரையைத் தட்டிப் பார்ப்பேன். கூரையில் வெளிச்சம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். அக்கா கதவுகளையெல்லாம் திறந்து மூடி, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். பக்கத்துக் குடித்தனத்தில் யார் என்று கேட்டு, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவர்களிடம் போய்ப் பேசுவோம். சில வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், பெண்பிள்ளைகள் போலீஸ்காரர் மாதிரிக் கேட்கிறார்களே என்று அனுப்பிவிட்டார். போகட்டும் என்று வந்துவிட்டோம்.

கடைசியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் விதவை அம்மாள் வீட்டில் பின்கட்டு கிடைத்தது. தெருவில் எல்லோரும் அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே அவர் பதில் சொன்னார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாரலுக்கு ஒழுகுமா? மேற்கு மூலையில் ஒழுகும், ஓடு மாற்ற வேண்டும், ஆனிக்கு முன்னால் மாற்றித் தருகிறேன் என்றார். வாசலுக்குச் சாவி? தனி வாசல், தனிச் சாவி. வேறு வழியாக யாராவது உள்ளே வர முடியுமா? பூனை வரும் என்றார். முந்தி இருந்தவர்கள்? திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகிப் போனார்கள், அவர்கள் தங்கச்சி எதிர் வீட்டில்தான் இருக்கிறாள், போய்க் கேட்டுக்கொள் என்றார். கக்கூஸ் எங்கே, மீன் சமைக்கலாமா, நேரங்கழித்து வந்தால் கேள்வி உண்டா என்று எல்லாம் கேட்டுவிட்டு, கூரையைப் பற்றிக் கேட்ட அதே குரலில், "நான் கெணத்துல வெள்ளம் கோரலாமா?" என்று கேட்டாள்.

உம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இவ என்னத்துக்குட்டி இப்பிடிக் கேக்கா?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். வாளியும் கயிறும் கையில் இருக்கிற எவளும் கேட்கத் தேவையில்லாத கேள்வி அது. அதை ஒழுகுகிற ஓட்டுக்கும் பூட்டுக்கும் நடுவில் வைத்து அவள் கேட்க வேண்டியிருந்ததே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. மூப்பர் மேல் வந்த கோபம் அந்த நிமிஷத்தில்தான் எனக்குள் கெட்டிப்பட்டது என்று நினைக்கிறேன்.

உம்மா என்னவோ புரிந்துகொண்டார். "கயிறு பழசு, பாத்துக் கோரணும்," என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். "அறுந்து வாளி விழுந்தா நீதான் எடுத்துத் தரணும்."

பிறகு அவருடைய நிபந்தனைகளுக்கு வந்தார்: பன்றி இறைச்சி கூடாது, கள்ளு சாராயம் கூடாது, கோழிக்கூட்டுப் பக்கம் விறகு அடுக்கக் கூடாது. ஒப்புக்கொண்டோம். அந்த வீட்டில் சண்டையே இல்லாமல் இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். விறகுக்காக மட்டும் பல தடவை உண்டு. ஓட்டையும் ஆனி பிறந்து நாங்கள் இரண்டு நாள் நனைந்த பிறகுதான் மாற்றினார். ஆனால் சொன்ன எதையும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.

இங்கே கதை முடிந்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். சில மாதம் கழித்து, மேற்கே கல்குளம் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு புது டீச்சர்கள் வந்தார்கள். சின்னப் பெண்கள். மூப்பரின் வீட்டைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர்களோடு கிளம்பினேன்.

சுவரெல்லாம் மறுபடி வெள்ளையடித்திருந்தது. என்னைக் கண்டதும் மூப்பரின் முகம் மாறிற்று. முற்றத்தில் நின்றுகொண்டு, அவர் காதில் விழும்படியாகவே எல்லாவற்றையும் சொன்னேன். கறையான், வாசல் சாவி, இடைக்கதவின் தாழ்ப்பாள், கருவாட்டுப் பானை, கிணற்றுப் பூட்டு. கணக்குப்பிள்ளையின் மனைவி வாசலில் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டாள். மூப்பர், என் வீட்டைப் பற்றிப் பேச நீ யார் என்றார். குடியிருந்தவள் என்றேன். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. எனக்கு அது ஒரு சந்தோஷமாகவே இருந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண்களில் மூத்தவள் தயங்கித் தயங்கிப் பேசினாள். "எங்களுக்குக் கெணத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாரு டீச்சர்," என்றாள். "நாங்க அவருக்குச் சொந்தக்காரங்க மாதிரிதான். மத்தது நாங்க பாத்துக்கிடுவோம்."

அவர்கள் அந்த வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்களுக்குக் கேள்வியில்லாமல் கிடைத்த வீடு. குறை சொல்ல முடியுமா? நான் அவர்களோடு சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அந்த மூத்தவளோடு என்னால் இயல்பாகப் பேச முடியவில்லை. மூப்பர் தலைமை டீச்சரிடம் போய், சபைக்காரரை நான் தெருவில் வைத்து அவமானப்படுத்தியதாகப் புகார் சொன்னார். மன்னிப்பு எழுதித் தரும்படி கேட்டார்கள். மாட்டேன் என்றேன். சில நாள் இழுத்துவிட்டு அவர்களும் விட்டுவிட்டார்கள். அவர் பாடம் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சபைக் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னேன்.

அந்தப் பெண்கள் வீட்டை எடுத்துக்கொண்ட அன்று சாயங்காலம், நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவள் வேலைக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவளுவள ஏசாத மக்கா," என்றாள். பின்னலை முடித்து, கிணற்றடியில் முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.